போறும் சாரும் என் பதினோரு செகண்டும்

கார்களின் வேகத்தைக் கூட்டித் தருவதையே தொழிலாக வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் "எதுக்கு?" என்று கேட்கிற மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவரும் எங்கள் திருச்சியில், மன்னார்புரத்தில் இருக்கிறார். இன்னொருவரை யாராவது கொண்டுவந்து காட்டினால் இந்தப் பத்தி எழுதுவதையே நான் விட்டுவிடுகிறேன்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவர் 'போறும் சார்'தான். ஸ்ரீரங்கத்துக்காரர் என்பதால் போதும் என்பது அவர் வாயில் போறும் என்றுதான் வரும். யார் எவ்வளவு கேட்டாலும் அதில் பாதியைக் கொடுத்துவிட்டு, "போறும்" என்று லேப்டாப்பை மூடிவிடுவார். என் போனிலும் அவர் எண்ணை அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தேன். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டுவிட்டார். என் மனைவி சுதா போனும் கையுமாகக் கதவைத் தட்டினாள். "என்னங்க, போறும்னு யாரோ கூப்பிடறாங்க. அவருக்கு என்னதான் போறுமாம்?"

நெற்றியில் பளிச்சென்று திருமண், அதற்குக் கீழே மூக்குக் கண்ணாடி, அதற்கும் கீழே கிரீஸ் படிந்த அரைக்கைச் சட்டை. ஊரார் காரையெல்லாம் பறக்கவிடுகிற அந்த மனிதருக்குச் சொந்தமாகக் காரும் கிடையாது, ஸ்கூட்டரும் கிடையாது. தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். லேப்டாப் ஒரு மஞ்சள் பையில் இருக்கும். அதே பையில் டிபன் பாக்ஸும் இருக்கும் என்பதால், அந்த லேப்டாப்பைத் திறந்தாலே லேசாகப் புளியோதரை வாசனை அடிக்கும்.

"உங்களுக்கு வண்டி ஓட்டணும்னு ஆசையே வந்ததில்லையா சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆசைப்பட்டு வர்றவாளைத்தான் தினம் பார்த்துண்டிருக்கேனே ஸ்வாமி" என்றார்.

பட்டறைச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டியிருந்தார். அதில் 'ரோட்டில் நின்ற வண்டிகள்: 0' என்று எழுதியிருக்கும். பெருமாள் படத்துக்குப் பூ வைத்த கையோடு ஒரு சாக்பீஸை எடுத்து அந்தப் பூஜ்யத்தின் மேலேயே இன்னொரு சுற்று வரைவார். தினம் இது நடந்ததில், நான் முதல்முதலாகப் பார்த்தபோது அந்தப் பூஜ்யம் நன்றாகப் பெருத்து வடை மாதிரி ஆகியிருந்தது. அவர் கைவைத்த வண்டி ஒன்றுகூட நடுரோட்டில் நின்றதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே கர்வம். மற்ற எல்லாவற்றுக்கும் அவருக்கு 'அடியேன்'தான்.

கார் சமாசாரம் தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. இந்தக் காலத்து இன்ஜினுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று, எப்போது தீப்பொறி என்று அதுதான் முடிவு செய்கிறது. டர்போ வண்டியில் காற்றை அழுத்தி உள்ளே திணிக்க ஒரு விசிறி வேறு உண்டு. எந்த ஊர் வெயிலிலும் எந்த பங்க் பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் அந்தக் கம்ப்யூட்டரிடம் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவதற்குத்தான் ரீமேப் என்று பெயர். எழுதினால் குதிரைத்திறன் கூடும், கம்பெனியின் வாரண்டி போகும். தப்பாக எழுதினால் இன்ஜினும் போகும்.

போறும் சார் அதைத் தப்பாக எழுத மாட்டார். சிக்கல் என்னவென்றால், லேசில் எழுதவே மாட்டார். மஞ்சள் காரில் ஒரு இளைஞர் வந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்க வேண்டும் என்று கேட்டார். போறும் சார் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பாக்கெட் பிஜிலி வெடியை எடுத்து அவர் கையில் வைத்தார். "இது போறுமா பாருங்கோ. இன்ஜின் பாவம்." இதற்காகவே தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சம் பிடித்து வைத்திருந்தாராம். இன்னொரு நாள் ஒரு டாக்டர், தன் வண்டி இருநூறில் போக வேண்டும் என்றார். "போகலாம் ஸ்வாமி. போய் எங்கே நிக்கப் போறேள்?" என்று கேட்டார். டாக்டர் யோசித்துப் பார்த்து, "பால்பண்ணை சிக்னல்ல" என்று ஒப்புக்கொண்டார். அவர் இன்றைக்கும் கம்பெனி கொடுத்த கணக்கோடுதான் ஓட்டுகிறார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நாற்பத்தாறு வயது, நடுத்தரத் தொப்பை. இந்த லட்சணத்துடன் போன வருஷம் ஒரு சிவப்பு டர்போ கார் வாங்கினேன். பார்க்கச் சின்னது, மிதித்தால் சீறும். வாங்கும்போதே சுதா ஒரு நிபந்தனை போட்டாள்.

"இதுல ஏதாவது கோளாறு வந்து ஒரே ஒரு தடவை ரோட்ல நின்னாலும், மறுநாளே வித்துடணும். வாக்கு கொடுங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பழைய கார் சமயபுரம் போகிற வழியில் நின்றபோது, பட்டுப்புடவையோடு பின்னால் நின்று தள்ளியவள் அவள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து உற்சாகப்படுத்தியவன் நான். எனவே வாக்குக் கொடுத்தேன்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதே மாடலில் என் மச்சினன் முரளியும் ஒன்று வாங்கி, நண்பர் ஒருவரிடம் ரீமேப் செய்துவைத்திருந்தான். ஒருநாள் மதுரை ரோட்டில் என்னைத் தாண்டிப் போனான். தாண்டும்போது கையாட்டினான். அந்தக் கையாட்டலில் ஆறு நாள் நான் தூங்கவில்லை. இணையத்தில் இருந்த ரீமேப் வகைகளையெல்லாம், பெண்ணுக்கு வரன் பார்க்கிற தகப்பனைப்போல, பட்டியல் போட்டேன். கணக்கை மட்டும் திருத்தினால் ஸ்டேஜ் ஒன்று, புகைக்குழாயையும் மாற்றினால் ஸ்டேஜ் இரண்டு. நாற்பது குதிரை கூடும் என்றது ஒரு விளம்பரம். அந்தப் பட்டியலோடு போறும் சாரிடம் போனேன்.

அவர் பட்டியலைத் தொடவே இல்லை. நோட்டைத் திறந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த பங்கில் பெட்ரோல் போடுகிறேன், ஆபீஸுக்குப் போக எத்தனை வேகத்தடை, ஏசி எத்தனையில் வைப்பேன், பக்கத்தில் உட்காருகிறவர்கள் பயந்தால் வாய்விட்டுச் சொல்வார்களா, கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்களா. நாற்பது கேள்விக்குக் குறையாது. என் கல்யாணத்துக்குக்கூட என்னை யாரும் இவ்வளவு விசாரிக்கவில்லை. கடைசியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினார்.

"ஒரு வாரம் இது கூட இருக்கட்டும். எப்பவும் போல ஓட்டிண்டு வாங்கோ. நீங்க யாருன்னு வண்டி சொல்லட்டும்."

இதுதான் அவர் வேலை செய்கிற முறை. அந்தக் கருவி மிதித்தது, விட்டது, நின்றது எல்லாவற்றையும் நேரத்தோடும் இடத்தோடும் குறித்துக்கொள்ளும். எனக்கு இது தெரிந்ததால் ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து, காலியாக இருந்த பைபாஸில் போய், வாழ்நாள் முழுவதும் அப்படியே ஓட்டுகிறவன் போல மிதிமிதியென்று மிதித்துவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் போறும் சார் லேப்டாப்பைத் திறந்தார். புளியோதரை வாசனையோடு என் ஒரு வார வாழ்க்கை கோடு கோடாக வந்தது.

"ஞாயித்துக்கிழமை கார்த்தால பைபாஸ்ல ஒண்ணு பண்ணியிருக்கேள். அதை அடியேன் கழிச்சுட்டேன்."

"ஏன் சார்?"

"அது ஓட்டினதில்லை ஸ்வாமி. எனக்காக நடிச்சது. அதைக் கழிச்சா, ஏழு நாள்ல நீங்க ஆக்சிலரேட்டரை அடி வரைக்கும் மிதிச்சது பதினோரு செகண்ட்."

"பதினொண்ணா?"

"அதுலயும் நாலு செகண்ட் ஒரு மினி பஸ்ஸையோ எதையோ தாண்டப் போயிட்டு, பயந்து பின்வாங்கினது. மீதி ஏழு செகண்ட், செருப்பு பெடல்ல மாட்டிண்டதுன்னு நெனைக்கறேன்."

அது உண்மை. அந்தச் செருப்பு இப்போதும் வீட்டில் இருக்கிறது.

"இந்தப் பதினோரு செகண்டுக்கு நாற்பது குதிரை எதுக்கு?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மறுபடி திரையைப் பார்த்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு கேக்கலாமோ? தினம் சாயங்காலம் ஆறரைக்கு, எடமலைப்பட்டி புதூர்ல உங்க ஆத்து வாசல்ல, பதினெட்டு நிமிஷம் வண்டி நின்னுண்டே ஓடறது. அப்போ என்ன பண்ணுவேள்?"

நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியதும் எனக்கு உடனே இறங்கத் தோன்றாது. ஏசியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். பாட்டுக்கூடக் கேட்கமாட்டேன். அன்று முழுவதும் யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம் அது மட்டும்தான்.

"சும்மா உட்கார்ந்திருப்பேன் சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அன்று மாலை வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, "பதினெட்டு குதிரை கூட்டியிருக்கேன், போறும். காவேரிப் பாலத்து நெரிசல்ல குலுங்காம போகும். வாசல்ல நிக்கறச்சே இன்ஜின் சத்தமே வராது, ஆத்துக்குள்ளே இருக்கறவாளுக்குத் தெரியாது" என்றார். அந்தப் பதினெட்டு நிமிஷத்துக்கும் சேர்த்து அவர் கணக்கு எழுதியிருந்தார்.

ஒரு மனிதனுக்கு நன்றி இருந்திருக்க வேண்டும். எனக்கோ அவமானம்தான் இருந்தது. வண்டி வெண்ணெய்யாக ஓடியது. ஏசியை முழுதாக வைத்து நான்கு பேரை ஏற்றினாலும் முனகவில்லை. ஆனால் முரளி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இது ரீமேப்பா, கோயில் பிரசாதமா? உள்ளங்கையில துளியூண்டு வெச்சிருக்காரு" என்றான். "வாங்க, நான் போட்டிருக்கிற ரீமேப் ஃபைலையே உங்களுக்கும் போட்டு விடறேன். கால் மணி நேரம்தான்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கையாட்டல் ஞாபகம் வந்தது. போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் நான் மனிதனாகவே இல்லை. வேகத்தடைக்கும் வேகத்தடைக்கும் நடுவில் இருக்கிற ஐம்பது அடியில் ராக்கெட் விட்டேன், அடி வரைக்கும் மிதிக்க மட்டும் இடம் கிடைக்கவில்லை. பிறகு முரளியின் நிச்சயதார்த்தம் வந்தது. பெண் வீடு ஸ்ரீரங்கம், மண்டபமும் அங்கேதான். மாப்பிள்ளையின் ஒரே அக்கா என்ற முறையில் தட்டுகளைக் கொண்டுபோகிற பொறுப்பு சுதாவுக்கு. பின்சீட்டில் புடவைத் தட்டு, பூத்தட்டு, பழத்தட்டு என்று ஒன்பது தட்டு. முன்சீட்டில் அதே பட்டுப்புடவையில் சுதா. நல்ல நேரம் பத்தரைக்கு. நாங்கள் பைபாஸ் ஏறும்போது மணி ஒன்பதரை.

முன்னால் போன லாரியைத் தாண்ட, அன்றைக்குத்தான் என் பன்னிரண்டாவது செகண்டை மிதித்தேன். வண்டி ஒரு தடவை சீறியது. பிறகு இருமியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண்ணைச் சிமிட்டியது. முக்கி முனகிக் காவேரிப் பாலத்தைத் தாண்டி, இறக்கத்தில் உருண்டு ஓரமாக நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன், குலுங்கி அணைந்தது.

சுதா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் காவேரியின் திசையில் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு வித்துடுங்க" என்றாள்.

போன் அடித்தது. முரளி. "மாமா, எங்க இருக்கீங்க? தட்டு வரலைன்னு எல்லாரும் வாசலையே பார்த்துட்டு நிக்கிறாங்க!" வண்டி நின்றதைச் சொன்னேன். உடனே மெல்லிய குரலில், "ஃபைல் விஷயம் அக்காவுக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். "சொல்லிடாதீங்க மாமா, இன்னைக்கு எனக்கு நிச்சயம்" என்று வைத்துவிட்டான்.

வேறு வழியில்லை. வெட்கத்தைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்துவிட்டு, போறும் சாரைக் கூப்பிட்டேன். கால் மணி நேரத்தில் ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயிலுக்கும் கூடவே போய்வருகிற மஞ்சள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து ஒயரை மாட்டினார்.

திரையில் வந்தது அவர் எழுதிய கணக்கு இல்லை. அது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலே என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் காவேரியைப் பார்த்தேன். அன்று காவேரிக்கு எங்கள் குடும்பத்தில் நல்ல மவுசு.

அவர் போய் பானெட்டைத் தூக்கினார். கருகிப்போன நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, அதே பையிலிருந்து புதிதாக நான்கை எடுத்து மாட்டினார். தன் பழைய கணக்கைத் திரும்ப ஏற்றினார். சாவியைத் திருகச் சொன்னார். வண்டி சத்தமில்லாமல் உயிர் பெற்றது. மணி பத்து பத்து.

சுதா கதவைத் திறந்து இறங்கி அவர் எதிரில் வந்து நின்றாள். "சார், ஒரே ஒரு கேள்வி. இது வண்டியோட கோளாறா? இவர் வாக்கு கொடுத்திருக்காரு. கோளாறுன்னா நாளைக்கே வித்தாகணும்."

உண்மையைச் சொன்னால் வண்டியும் போகும், என் மானமும் போகும், நல்ல நேரத்தில் மச்சினன் மண்டையும் உருளும். போறும் சார் மஞ்சள் பையை மடித்துக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"வண்டி மேல தப்பில்லைம்மா. அடியேன் எழுதின கணக்குல ஒரு பிசகு நடந்துடுத்து. க்ஷமிக்கணும். இனிமே நிக்காது. நாழியாறது, புறப்படுங்கோ."

ஏறிக்கொள்ளுங்கள், வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றேன். "தட்டு இருக்கே, எங்கே உட்கார்றது? போறும் ஸ்வாமி" என்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். நாங்கள் பத்து இருபத்தைந்துக்கு மண்டபத்தில் இருந்தோம்.

மறுநாள் மன்னார்புரம் போனேன். மன்னிப்புக் கேட்க நான்கு விதமாக வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் நான்கும் மறந்துபோயின. கரும்பலகையில் அந்தப் பெருத்த பூஜ்யத்தைக் காணோம். 'ரோட்டில் நின்ற வண்டிகள்: 1' என்று இருந்தது.

"சார், அது நான் பண்ணின தப்பு. வேற ஃபைல் போட்டது நான். தயவுசெஞ்சு அதை அழிச்சுடுங்க."

"அடியேன் கைவெச்ச வண்டி. நின்னது நிஜம்தானே? அப்புறம் எப்படி அழிக்கறது?" என்றார். கொஞ்ச நேரம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போறலைன்னு தோணித்துன்னா என்கிட்டயே வந்து கேட்டிருக்கலாமே ஸ்வாமி. இன்னும் ரெண்டு குதிரை போட்டிருப்பேனே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அன்று மாலை வாசலில் அந்தப் பதினெட்டு நிமிஷம் உட்கார்ந்து யோசித்துவிட்டு, உள்ளே போய் சுதாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கையாட்டல், ஃபைல், பன்னிரண்டாவது செகண்ட், பலகை வரைக்கும்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்த மனுஷர் பொய் சொல்றாருன்னு எனக்கு அங்கயே தெரியும். தரையைப் பார்த்துல்ல பேசினாரு."

"அப்புறம் ஏன் வண்டியை விக்கச் சொல்லல?"

"அவ்வளவு கர்வம் உள்ளவரு உங்களுக்காக ஒரு பொய் சொல்லியிருக்காரு. அதை வீணாக்கலாமா? பேசாம வெச்சு ஓட்டுங்க."

ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு குதிரை தாராளமாக இருக்கிறது. வாசலில் நிற்கும்போது இன்ஜின் ஓடுவது எனக்கே கேட்பதில்லை. போறும் சார் இப்போது தினமும் காலையில் பூ வைத்த கையோடு அந்த 1-ன் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கிறார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டு வருகிறது. புதிதாக வருகிறவர்கள் அது யார் வண்டி என்று கேட்டால், "வேண்டப்பட்டவா ஒருத்தரோடது" என்று மட்டும் சொல்கிறாராம். மன்னார்புரம் பக்கம் போனால் நீங்களும் அந்தப் பலகையைப் பாருங்கள், அந்த ஒன்று நான்தான்.